ரொட்டி பங்களாவுக்கு வந்த மானியம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற பஸ்ஸில் கல்லுமேட்டில் இறங்கி, ரொட்டி பங்களா எங்கே என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் பூந்தமல்லியில் இருந்த காலத்தில் அதற்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துச் சம்பாதித்த ஒருவர் கட்டிய வீடு அது. நடுவில் முற்றம், முன்னால் பெரிய கூடம், பின்னால் மூன்று அறைகள், தேக்கு உத்திரம், மேலே சுண்ணாம்புத் தளம். ரொட்டிக்காரரின் பேரன்கள் ஆளுக்கொரு திசையாகப் போய், வரி கட்ட நாதியில்லாமல், கடைசியில் வீடு நகராட்சியின் தலையில் வந்து விழுந்தது. நகராட்சிக்கு ஒரு வீடு கிடைத்தால் என்ன செய்யும்? உடைந்த தெருவிளக்கு, துருப்பிடித்த ஓட்டுப்பெட்டி, பிளீச்சிங் பவுடர் மூட்டை எல்லாவற்றையும் கூடத்தில் கொண்டுவந்து போட்டுப் பூட்டியது. பூட்டுக்குக் காவலாகக் கன்னியப்பனைப் பின்பக்கத்து அறையில் குடிவைத்தது.

குடிவைத்தது என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, அதற்கு எழுத்தில் ஒரு வரி கிடையாது. அப்போதிருந்த ஓவர்சியர் ஒருநாள், "பின்னால படுத்துக்கோ, வீட்டப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கன்னியப்பன் பெண்டாட்டி நாகம்மாவையும் கைக்குழந்தை ராணியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தினக்கூலி ஆள். இந்த வருஷம் நிரந்தரம் ஆகும், அடுத்த வருஷம் நிரந்தரம் ஆகும் என்று காத்திருந்ததிலேயே ராணி வளர்ந்து ஆளாகி, கல்யாணமாகி, அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் மாமியார் வீட்டு ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போய்விட்டாள். கன்னியப்பன் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். தினக்கூலிக்கு நஷ்டஈடு யார் தருவார்கள்? வீட்டைக் காலி பண்ணச் சொல்லாமல் விட்டார்களே, அதுவே பெரிய புண்ணியம் என்று அவன் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நாகம்மாவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

காலையில் ஆவடியில் டிபன்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் போய் நாலைந்து வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவாள். திருநெல்வேலிக்காரர் வீடு, கோயம்புத்தூர்க்காரர் வீடு என்று ஆளுக்கொரு பேச்சு, ஆளுக்கொரு குழம்பு. மிச்சக் குழம்பு வாங்கி வந்துதான் மத்தியானச் சாப்பாடு. ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள். பக்கத்தில் நின்ற வாதாங்கொட்டை மரம் வருஷம் பூராவும் இலையைத் தளத்தின் மேல்தான் கொட்டும். தண்ணீர் வெளியேற அங்கே இரண்டு ஓட்டைகள். கூடத்துக்கு மேலே ஒன்று, பின்னறைகளுக்கு மேலே ஒன்று. இலை போய் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் அப்படியே குளம் கட்டும். அதனால் இலையை வாரிப் போடுவாள், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி எறிவாள், ஓட்டைக்குள் கையை விட்டுச் சேற்றை வழித்து எடுப்பாள். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. தலைக்கு மேலே இருக்கிற கூரை, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து சண்முகசுந்தரம் நகராட்சித் தலைவரானார். ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தைப் பிளாட் போட்டு விற்று, அந்தப் பணத்தில் தேர்தலில் நின்றவர். அவர் பார்வை முதலில் விழுந்ததே ரொட்டி பங்களாவின் மேல்தான். இடித்துத் தள்ளிவிட்டு அங்கே வணிக வளாகம் கட்டப்போகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. நாகம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டிலில் கிடக்கிற மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? மகள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் புரண்டு படுத்தால் இன்னொருவர் எழுந்து உட்கார வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஓவர்சியர் லோகநாதன் ஒரு சேதியோடு வந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பொன்விழா வருஷம். சரித்திரத்தில் பேர் பெற்ற பழைய வீடுகளைப் பழுது பார்க்க அரசாங்கம் மானியம் கொடுக்கப் போகிறதாம். ரொட்டிக்காரரின் மகன், அப்பா பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போதே, உப்பு எடுக்கப் போன தொண்டர்களை அதே அடுப்பறையில் ஒளித்து வைத்துச் சோறு போட்டாராம். ஊரில் இரண்டு கிழவர்கள் அதற்குச் சாட்சி சொல்லத் தயார். தலைவருக்கும் ஆசை வந்துவிட்டது. வளாகம் கட்ட நகராட்சிதான் கடன் வாங்க வேண்டும், மானியம் என்றால் சும்மா வரும். தவிர, கல்வெட்டில் பேர் போடுவார்கள்.

"நாகம்மா, மானியம் வந்தா வீடு நிக்கும்" என்றார் லோகநாதன். "வீடு நின்னா வாட்ச்மேன் போஸ்ட் ஒண்ணு பெர்மனென்ட்டா வரும். அது கன்னியப்பனுக்குத்தான். நீ அவன் பேர்ல வேலையப் பாத்துக்கலாம். நான் சொல்றேன் பாரு."

"சத்தியமாவா சார்?"

"அட, நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் அதை நம்பித்தான் சொன்னார். லோகநாதன் கெட்ட மனுஷர் இல்லை. மேலே இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை மாற்றிக்கொள்கிற மனுஷர், அவ்வளவுதான். கன்னியப்பன் அன்றைக்கு ராத்திரிச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பங்குனியில் சென்னையிலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எந்த அதிகாரி வந்தாலும் நகராட்சிக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான், வெள்ளையடிப்பது. ரொட்டி பங்களாவுக்கு அடித்தார்கள். பக்கத்துக் காம்பவுண்டுக்கு அடித்தார்கள். வாதா மரத்துக்கு இடுப்பளவு அடித்தார்கள். அடிக்கிற ஆள் கொஞ்சம் அசந்திருந்தால் கன்னியப்பன் கட்டிலுக்கும் அடித்திருப்பான். சுவரில் இருந்த விரிசலை எல்லாம் சிமென்ட் வைத்துப் பூசினார்கள். தெருவின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கோடாகப் போட்டார்கள். நாகம்மாவும் தன் பங்குக்குப் பின்னறைகளைக் கழுவி, கதவுகளுக்கு எண்ணெய் தடவி, வாசலில் பெரிய கோலமாகப் போட்டாள். பளிச்சென்று இருந்த வீட்டைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கியது.

அதிகாரி பெயர் இராமகிருஷ்ணன். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி. பழைய கட்டடங்கள் என்றால் அவருக்கு உயிர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தூணைத் தடவிப் பார்த்தார், உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். இளநீர் குடித்தார். பிறகு தலைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. பாராட்டணும். இதுக்கு எதுக்கு மானியம்? இடிஞ்சு விழற வீடுங்க எத்தனையோ என்கிட்ட வரிசையில நிக்குது. இருக்கறதே கொஞ்சம் பணம். அதுங்களுக்குத்தான் முதல்ல குடுக்க முடியும்."

சண்முகசுந்தரத்தின் முகம் செத்துப்போயிற்று. லோகநாதன் குறுக்கே விழுந்து ஏதேதோ சொல்லிப் பார்த்தார். உள்ளுக்குள்ளே வீடு பலவீனமாக இருக்கிறது, மேலே பார்த்தால் தெரியாது என்றார். அதிகாரி இரக்கப்பட்டு, "சரி, மழைக்காலத்துல இன்னொரு தடவ வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் முனை திரும்பியதும் தலைவர் ஓவர்சியர் மேல் பாய்ந்தார். "யோவ், எவன்யா வெள்ளையடிக்கச் சொன்னது?"

சொன்னதே அவர்தான். அதை யார் அவரிடம் சொல்வது?

"அடுத்த தபா அந்தாளு வரும்போது வீட்டப் பாத்து அவனுக்கு அழுவ வரணும். இன்னா செய்வியோ ஏது செய்வியோ, எனக்குத் தெரியாது."

நகராட்சி ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தார்கள். புரட்டாசியில் ஆள் விட்டு வெள்ளையைச் சுரண்டினார்கள். சுரண்டினதில் பழைய சுண்ணாம்புப் பூச்சும் பாளம் பாளமாகச் சேர்ந்து வந்தது. விரிசலில் வைத்த சிமென்டை உளியால் கொத்தி எடுத்தார்கள், விரிசல் முன்னைவிட அகலமானது. இரண்டு ஜன்னல் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அவை திரும்பி வரவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு லோகநாதன் நாகம்மாவைக் கூப்பிட்டார்.

"மேல தண்ணி போற ஓட்ட ரெண்டையும் அடைச்சிடு."

நாகம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "இன்னா சார் சொல்றீங்கோ?"

"அடைச்சிடும்மா. கூரை ஒழுகணும். செவுத்துல ஈரம் எறங்கினது தெரியணும். ரெண்டு மழை போதும். அதிகாரி வந்துட்டுப் போனதும் எடுத்துடலாம்."

"தண்ணி நின்னா தளம் ஊறிப்பூடுமே சார். கீழ நாங்க படுத்துகினு கீறோம்."

"நூறு வருஷம் நின்ன வீடு, நாலு நாள்ல விழுந்துடுமா? நீதானே மானியம் வருமா வருமான்னு என் உயிர எடுத்தே?"

பிளீச்சிங் பவுடர் வந்த காலிக் கோணிகள் இரண்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள். எத்தனையோ மழைக்காலமாகக் கைவிட்டுச் சேறு வழித்த ஓட்டையில், அதே கையால் கோணியைச் சுருட்டித் திணித்தாள். பெற்ற பிள்ளைக்குத் தெரிந்தே கெட்டுப்போன சோற்றைப் போடுகிற மாதிரி இருந்தது. கீழே வந்து கன்னியப்பனிடம் சொன்னாள்.

"பெரிய ஆபிசருங்க யோசிக்காமயா செய்வாங்கோ?" என்றான் அவன். "நீ கம்னு கெட."

ஐப்பசி முதல் வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி வருகிறார் என்றார்கள், வரவில்லை. கோட்டையில் மீட்டிங் என்றார்கள். அடுத்த வாரம் நிச்சயம் என்றார்கள், சாலையில் வெள்ளம் என்று அதுவும் தள்ளிப்போயிற்று. ஆனால் மழை எதையும் தள்ளிப்போடவில்லை. மொட்டை மாடியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. பின்னறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரம்பித்த ஈரம் நாளுக்கு நாள் பரவிக் கட்டிலுக்கு நேர் மேலே வந்தது. நாகம்மா கட்டிலை இழுத்துச் சுவரோரமாகப் போட்டாள். ஈரம் அங்கேயும் வந்தது. இரவெல்லாம் சுண்ணாம்பு பொடிப்பொடியாகக் கொட்டியது. கன்னியப்பன் போர்வையை உதறிவிட்டுச் சிரித்தான்.

"நல்லா ஒழுவுது நாகு. அதிகாரி பாத்தா அங்கியே கையெயுத்து போட்டுடுவாரு."

அவன் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் யாரும் நிரந்தரம் பண்ணாத மனுஷன். இப்போதுதான் ஏதோ கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையில் கைவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையிலிருந்தே விடாத மழை. ஆவடிக்குப் போகவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது மேலே உத்திரத்தில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

"எங்க போறே?" என்றான் கன்னியப்பன்.

"மேல. கோணிய இஸ்து போடப் போறேன்."

"அடியே, நாளிக்கி அதிகாரி வராராம். காலைல பியூன் வந்து சொல்லிட்டுப் போனானே."

"வரட்டும். சத்தம் கேட்டியா இல்லியா நீ?"

"கேட்டுச்சி. அதுக்கு? நாமளா கை வெச்சி, நாளிக்கி மானியம் வரலன்னு வெச்சிக்கோ. பழி யார் மேல வரும்? நம்ப மேல. கன்னியப்பன் பொண்டாட்டி எட்த்துட்டா, அதான் பூட்ச்சின்னுவாங்கோ. ஊட்டையும் இடிச்சிடுவாங்கோ, நம்பளையும் தொரத்திடுவாங்கோ. போய் ஓவர்சியரு சார ஒரு வார்த்த கேட்டுகினு வா. எடுன்னா எடு."

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சின்னா?"

"இத்தினி நாளு ஆவாதது இப்ப ஆவப்போவுதா? ஓடிப்போய் கேட்டுகினு வா."

நாகம்மா படிக்கட்டின் முதல் படியில் காலை வைத்தபடி நின்றாள். ஏறி இறங்கினால் நாலு நிமிஷம் ஆகாது. இதுவரைக்கும் அவள் யாரிடமாவது கேட்டாளா? எந்த மழையிலாவது எந்த அதிகாரியிடமாவது போய், இலையை அள்ளட்டுமா என்று நின்றாளா? ஆனால் இப்போது வீடு வேறு வீடாகிவிட்டது. அதற்குப் பைல் இருந்தது, அதற்காக ஜீப் வந்தது. அவள் கையில் இருந்த காரியம் எப்போது ஆபீஸ் காரியமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. காலைக் கீழே எடுத்தாள். கட்டிலை வாசல் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

ஓவர்சியர் தலைவர் அறையில் மீட்டிங்கில் இருந்தார். பியூன் பெஞ்சைக் காட்டினான். நாகம்மா புடவை சொட்டச் சொட்ட உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்டது. நாளைக்கு வருகிற அதிகாரி சைவமா அசைவமா என்பதுதான் பேச்சு. போன தடவை அவர் வெறும் இளநீரோடு போய்விட்டதால் ஒருவருக்கும் தெரியவில்லை. அசைவம் செய்து அவர் சைவமாக இருந்தால் காரியம் கெட்டுவிடும். சைவம் செய்து அவர் அசைவமாக இருந்தால் மனசுக்குள் குறை வைத்துக்கொள்வார். இரண்டையும் செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஆடம்பரமாகத் தெரியும், மானியம் கேட்கிற நகராட்சி மாதிரி இருக்காது என்றார் தலைவர்.

நாகம்மா இரண்டு முறை எழுந்தாள். போய்ப் பேசாமல் எடுத்துப் போட்டுவிடலாம் என்று வாசல் வரைக்கும் போனாள். கன்னியப்பன் முகம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மழை ஆபீஸ் தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் உள்ளே நடந்த பேச்சும் அவளுக்குக் கேட்காமல் போயிற்று.

ஒருவழியாக லோகநாதன் வெளியே வந்தார். "இன்னா நாகம்மா, இந்த மழையில?"

"சார், உத்தரம் நவுந்துகினு கீது. அந்தக் கோணிய எடுத்துடட்டுமா?"

"அட, இதுக்கா இவ்வளவு நேரம் ஒக்காந்திருந்தே?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "பின்பக்கம் எடுத்துட வேண்டியதுதானே. முன்னால கூடத்து மேல இருக்கறது மட்டும் நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும். அவர் அதத்தான் பாப்பாரு. ஓடு ஓடு."

ஓடினாள். கேட்டது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்கூட அவளுக்கு இருந்தது, பாவி மகளுக்கு. தெருமுனை திரும்பும்போதே ஜனம் கூடி நிற்பது தெரிந்தது. மழையில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

முன்பக்கம் அப்படியே இருந்தது. முற்றத்தைத் தாண்டிப் பின்னறைகள் இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. தளம் மொத்தமாக உட்கார்ந்திருந்தது. செங்கல்லும் சேறும் உத்திரமும் வாதா இலையுமாகக் குவிந்து கிடந்ததை ஆட்கள் கையாலேயே வாரிக்கொண்டிருந்தார்கள். அவளும் இறங்கி வாரினாள். கட்டில் கால் முதலில் அகப்பட்டது. வாசலுக்கு இன்னும் ஒரு முழம் இழுத்துப் போட்டிருந்தால் தப்பியிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லை அவளால் சாகிற வரைக்கும் மறக்க முடியாது. சொன்னவனுக்கு அடுத்த நாளே மறந்திருக்கும்.

மறுநாள் அதிகாரி வந்துவிட்டார். வர வேண்டாம் என்று அவருக்குத் தகவல் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் சொல்லவில்லை. கன்னியப்பன் உடல் இன்னும் பெரியாஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. நாகம்மா வாதா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கள்ளிக்குப்பத்திலிருந்து வந்த ராணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். நாகம்மாவின் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இராமகிருஷ்ணன் இடிபாட்டின் முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். அந்த மனுஷருக்கு உண்மையாகவே துக்கம். தலைவர் போட்டோக்காரனைக் கூட்டிவந்திருந்தார். அவர் நாகம்மாவின் பக்கத்தில் குனிந்து, "இந்தாம்மா, அப்டி எய்ந்து வந்து முன்னால நில்லு. போட்டோ எடுக்கறாங்கோ. கொஞ்சம் அழு. உனக்குத்தான் ஏதாவது செய்வாங்கோ" என்றார்.

நாகம்மா எழுந்தாள். நேரே அதிகாரியிடம் போனாள்.

"சாமி, ஓட்டைய அடைச்சது நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"மேல தண்ணி போற ஓட்ட. நீங்கோ வர்றப்போ ஒழுவணும்னு கோணிய வெச்சி அடைக்கச் சொன்னாங்கோ. நான்தான் அடைச்சேன். எடுக்கட்டான்னு கேக்கப் போனேன். பெஞ்சில ஒக்காந்துகினு இருந்தேன். வந்து பாருங்கோ, முன்பக்கத்துல இன்னும் கோணி கீது."

அதிகாரி லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் தலைவரைப் பார்த்தார். தலைவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்து இலை அடைச்சிருக்கும் சார்" என்றார் லோகநாதன். "புருஷன் போன அதிர்ச்சி. காலையிலேருந்து இப்படித்தான் ஏதேதோ சொல்லிக்கிட்டிருக்கு."

"பாவம்" என்றார் அதிகாரி. மேலே ஏறிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் அவர் படிக்கட்டைப் பார்த்தது உண்மை. படி ஆடுகிறது, ஆபத்து என்று நாலு பேர் தடுத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினார். "ஒரு உயிரே போயிருக்கு. இனிமே இந்த வீட்டுக்கு மானியம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. நானே முன்னாடி நின்னு வாங்கித் தர்றேன்."

சொன்னபடி செய்தார். அன்று சாயங்காலமே லோகநாதன் தனியாகப் படியேறிப்போய் முன்பக்கத்துக் கோணியை உருவி எடுத்ததைத் தெருவில் இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள். மறுபடி இறங்கி வரும்போது அவர் அழுதுகொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள். அழுதிருக்கலாம். அந்த அழுகையால் யாருக்கு என்ன லாபம்?

தை மாதம் மானியம் வந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைத்து, வேறெங்கோ இருந்து பழைய தேக்கு கொண்டுவந்து, பின்னறைகளை அச்சு அசலாகப் பழையபடியே கட்டினார்கள். கல்வெட்டு வைத்தார்கள். தலைவர் பேர், அதிகாரி பேர், ரொட்டிக்காரர் மகன் பேர் எல்லாம் அதில் இருந்தது. புராதன வீட்டுக்குள் குடித்தனம் கூடாது என்பது மானியத்தின் நிபந்தனை. நாகம்மாவின் பாத்திரம் பண்டத்தை ராணியின் புருஷன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். கள்ளிக்குப்பத்தில் அவளுக்குச் சமையல் மேடைக்குக் கீழே இடம் கிடைத்தது. வாட்ச்மேன் வேலை ஒன்று நிரந்தரமாகவே வந்தது. அது தலைவருக்கு ஏதோ ஒரு வழியில் உறவான கஜபதிக்குப் போயிற்று.

அடுத்த ஐப்பசியில் ஒருநாள் ஆவடியில் வேலை முடிந்ததும் நாகம்மா அம்பத்தூர் ரயிலுக்குப் போகாமல் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினாள். எதற்கு ஏறினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்லுமேட்டில் இறங்கி நடந்தாள். ரொட்டி பங்களா புதுசாக நின்றது. கஜபதி பின்பக்கத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். குடும்பஸ்தன், நல்ல மாதிரியான ஆள். அவளை அடையாளம் தெரிந்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"வாக்கா. ஒக்காரு. டீ வாங்கியாரட்டா?"

"வோணாம் நைனா." நாகம்மா அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே வாதா இலை மெத்தை போட்ட மாதிரி தெரிந்தது. "மேல இலைய அள்றியா?"

"மேல எங்கக்கா போறது? படிக்கட்டுக்குக் கதவு வெச்சி பூட்டு போட்டுகீறாங்கோ. பொதுஜனம் ஏறக்கூடாதாம். சாவி ஆபீசுல கீது."

"கேட்டு வாங்கறது."

"கேட்டேன்கா. எழுதிக் குடுன்னாங்கோ. எழுதியும் குடுத்துட்டேன். மெட்ராசுலருந்து ஆர்டர் வரணுமாம். புராதனமாச்சே, கண்டவன் கைய வெக்கக்கூடாதுன்னாரு ஓவர்சியரு."

நாகம்மா அறைக்குள்ளே எட்டிப் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. சுவரோரமாக ஒரு கட்டில் கிடந்தது. மேலே போர்வை மடித்து வைத்திருந்தது.

"ராத்திரி இங்கதான் படுத்துக்கிறியா?"

"ஆமாக்கா. டூட்டியாச்சே."

கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கஜபதி ஸ்டூலை உள்ளே தள்ளிப் போட்டான், மழை வரும்போல இருக்கிறது, உள்ளே வா என்றான். நாகம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, ஆர்டர் வரும்போது வரட்டும். ஊடு எப்டினா போவட்டும். மழ புடிச்சா நீ யாரையும் கேட்டுகினு நிக்காதே. வெளிய வந்துடு."